கீமோவில் எடை கூடுகிறதே, சாப்பாட்டைக் குறைக்கலாமா?

கேள்வி: எனக்கு 44 வயது. மார்பகப் புற்றுநோய்க்காக இடது மார்பகத்தை அகற்றிவிட்டார்கள். இப்போது கீமோ போய்க்கொண்டிருக்கிறது. டாக்ஸோருபிசினும் சைக்ளோபாஸ்பமைடும் சேர்ந்த நான்கு சுற்றுகள் முடிந்தன. அடுத்து பாக்லிடாக்ஸெல், வாரம் ஒரு முறை, 12 வாரம் என்று சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோய் வந்தால் இளைத்துப்போவார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். நானோ 5 கிலோ ஏறியிருக்கிறேன். முகம் உப்பி, தலையில் முடி இல்லாமல், நகமெல்லாம் கறுத்து, கண்ணாடியில் வேறு யாரையோ பார்க்கிற மாதிரி இருக்கிறது. "நோயாளி மாதிரியே இல்லையே, நன்றாகத் தேறிவிட்டாயே" என்று உறவினர் ஒருவர் சொன்ன நாளிலிருந்து இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டேன். சர்க்கரை, பால், சோயா எல்லாம் புற்றுநோயை வளர்க்கும் என்று படித்ததால் அவற்றையும் நிறுத்திவிட்டேன். அக்கா வாங்கித் தந்த சத்து மாத்திரைகள் நான்கு வகை எடுத்துக்கொள்கிறேன். கணவர் அன்பானவர்தான். ஆனாலும் அவர் முன்னால் உடை மாற்ற முடியவில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் படுக்கைக்கே போகிறேன். உயிர் பிழைத்தால் போதாதா, இந்த நிலைமையில் அழகு ஒரு கேடா என்று என்னையே திட்டிக்கொள்கிறேன். எடையைக் குறைக்க நான் என்ன செய்யலாம்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில் தருபவர்: புற்றுநோய்ப் பிரிவு உணவியல் ஆலோசகர்

அன்புள்ள தோழிக்கு,

கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கீமோ நடக்கும்போது எடையைக் குறைக்க முயல வேண்டாம். விட்டுவிட்ட இரவுச் சாப்பாட்டை இன்றைக்கே மறுபடி தொடங்குங்கள். மிச்சப் பதிலைச் சாப்பிட்டுவிட்டு வந்து படித்தால்கூடப் போதும்.

சாப்பாட்டுக் கவலையைத் தயங்காமல் எழுதியிருக்கிறீர்கள். தோற்றத்தைப் பற்றிய கவலையை எழுதும்போது மட்டும் உங்களையே திட்டிக்கொள்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒரே கவலையாகத்தான் தெரிகின்றன. உறவினர் சொன்ன ஒரு வார்த்தையில் உங்கள் இரவுத் தட்டு காலியாகிவிட்டது. கீமோ எடுக்கும் ஒருவரின் தட்டைக் காலியாக்குகிற எதையும் அற்பம் என்று ஒதுக்க முடியாது. அதனால் இரண்டையும் கலந்தே பேசுகிறேன்.

முதலில் அந்த 5 கிலோ. வயிறு, கணையம், உணவுக்குழாய் போன்ற இடங்களில் வரும் புற்றுநோய் ஆளை உருக்கிவிடும். புற்றுநோய் என்றாலே இளைப்பு என்ற எண்ணம் அப்படி வந்ததுதான். மார்பகப் புற்றுநோய்க்கான கீமோவில் கதை பெரும்பாலும் தலைகீழ். எடை கூடுவது அங்கே மிகச் சாதாரணம். எங்கள் பிரிவில் யாரும் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை. ஆனால் சிகிச்சை தொடங்கும் முன் இதை எடுத்துச் சொல்லத்தான் பல இடங்களில் ஆள் இல்லை. முடி கொட்டும் என்று சொல்வார்கள், வாந்தி வரும் என்று சொல்வார்கள். "முகம் உப்பும், உடை இறுகும், பயப்படாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் நீங்கள் இத்தனை நாள் உங்களைக் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

காரணம் ஒன்றல்ல. கீமோ அன்றும் அதற்கடுத்த சில நாட்களும் வாந்தியைத் தடுக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அது பசியைக் கிளப்பும், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், கொழுப்பை முகத்திலும் வயிற்றிலும் கொண்டுபோய்ச் சேர்க்கும், தூக்கத்தையும் கெடுக்கும். நள்ளிரவில் விழித்துக்கொண்டு டப்பாவில் பிஸ்கட் தேடியது உண்டா? அது ஸ்டீராய்டின் வேலை. வாந்திக்காகச் சிலருக்கு ஓலன்சபைன் மாத்திரையும் தருகிறார்கள். அதுவும் பசியைக் கூட்டும் மருந்துதான். குமட்டல் நாட்களில் வயிறு காலியாக இருந்தால் இன்னும் புரட்டும் என்பதால் ரொட்டி, பிஸ்கட் என்று மாவுப் பண்டங்களையே கொறித்துக்கொண்டிருப்போம். சோர்வில் நடமாட்டம் பாதியாகக் குறைந்துவிடும். உங்கள் வயதில் கீமோ மாதவிலக்கையும் நிறுத்திவிடுவது வழக்கம். மற்றவர்களுக்குச் சில ஆண்டுகளில் மெல்ல நடக்கும் மாற்றம் உங்களுக்குச் சில வாரங்களில் நடந்திருக்கும். இத்தனையும் சேர்ந்தால் எடை ஏறாமல் என்ன செய்யும்?

எடை பார்க்கும் இயந்திரம் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. ஸ்டீராய்டும் படுக்கையும் சேர்ந்து தசையைக் கரைக்கின்றன. நீரும் கொழுப்பும் ஏறும் அதே நேரத்தில் தசை இறங்கிக்கொண்டிருக்கலாம். இயந்திரம் இரண்டையும் கழித்துக் கூட்டி ஒரு எண்ணைக் காட்டுகிறது. அந்த 5 கிலோவைப் பார்த்து நீங்கள் பட்டினி கிடந்தால், கரையவேண்டியது கரையாது. தசைதான் இன்னும் வேகமாகப் போகும். சிகிச்சை முடிந்து சாப்பாடு பழையபடி ஏறும்போது போன தசை தானாகத் திரும்பாது. அந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்ளும்.

என் அறைக்கு வருபவர்களில் பலர் எடை பார்க்கும் முன் செருப்பு, கைக்கடிகாரம், சாவிக்கொத்து என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைப்பார்கள். ஒருவர் தலையில் கட்டியிருந்த ஸ்கார்ஃபைக்கூட அவிழ்த்துவிட்டு ஏறினார். மருத்துவமனையில் ஒவ்வொரு கீமோவுக்கு முன்பும் எடை பார்ப்பது உங்களுக்கு மதிப்பெண் போட அல்ல. இந்த மருந்துகளின் அளவை உயரமும் எடையும் சேர்ந்த உடல் பரப்பைக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். எடை நிறைய மாறினால் மருந்தின் அளவையும் திரும்பக் கணக்கிட வேண்டும். அந்த எண் அவர்களுடைய கணக்குக்கானது. வேண்டுமானால் இயந்திரத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்ளுங்கள், "எண்ணை எனக்குச் சொல்ல வேண்டாம்" என்றும் சொல்லிவிடுங்கள். செவிலியர்கள் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எடைக்குப் பதிலாக வேறொன்றை அளந்துபாருங்கள். கை வைக்காத உறுதியான நாற்காலி ஒன்றைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பாருங்கள். வாரம் ஒரு முறை போதும். தலைசுற்றல் இருக்கும் நாளில் வேண்டாம். அந்த எண்ணிக்கை குறையாமல் நின்றால் தசை நிற்கிறது. இந்தச் சிகிச்சையில் உங்களைத் தாங்கப்போவது அதுதான்.

தசை நிற்க இரண்டு வேண்டும்: புரதம், அசைவு. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 1 கிராமுக்கு மேல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பெனின் பரிந்துரை. 60 கிலோ எடை உள்ளவருக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலிலும் ஏறக்குறைய அவ்வளவே. சமைத்த மீன் அல்லது கோழி 100 கிராமில் 20 முதல் 25 கிராமுக்குக் குறையாது. வேகவைத்த பருப்போ பயறோ ஒரு பெரிய கிண்ணம் நிறையச் சாப்பிட்டால் 15 கிராமைத் தாண்டும். இரவுச் சாப்பாட்டை விட்டு, பாலையும் சோயாவையும் நிறுத்தினால் இந்தக் கணக்கு எங்கே விழும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மொத்தப் புரதத்தையும் மதியமே முடித்துவிடாமல் மூன்று நான்கு வேளைக்குப் பிரித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மட்டும் இந்த அளவுகள் பொருந்தாது, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கம், "கீமோ எடுக்கிற உடம்பு, நிறையச் சாப்பிடு" என்று ஊட்டிவிடுபவர்களும் இருப்பார்கள். எடை இறங்காத உங்களுக்கு மாவுச்சத்தும் இனிப்பும் கூடுதலாகத் தேவையில்லை. ஜூஸ், சத்து பானம், பிஸ்கட் ஆகியவற்றை வைத்து வயிற்றை நிரப்பாமல், அந்த இடத்தைப் பயறு, முட்டை, தயிர், காய், பழம் ஆகியவற்றுக்குக் கொடுங்கள். சாப்பாட்டின் அளவைக் குறைக்காமல் தட்டில் இருப்பதை மாற்றினாலே போதும்.

சாப்பிடுவதே கஷ்டமாக இருக்கும் நாட்களைப் பற்றியும் கொஞ்சம். எல்லாமே இரும்பைக் கடித்த மாதிரி இருந்தால் எவர்சில்வர் கரண்டியை விட்டு மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ உள்ளதை எடுங்கள். சூடான உணவு மணத்தாலேயே புரட்டினால் ஆறவைத்தோ குளிர்ச்சியாகவோ சாப்பிடுங்கள், மணம் குறையும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு டீஸ்பூன் உப்பும் ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவும் கரைத்து, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். ருசி கொஞ்சம் திரும்பும், வாய்ப்புண்ணுக்கும் நல்லது. அடுத்து வரப்போகும் வார மருந்தில் வாந்தி பொதுவாக இதுவரை இருந்ததை விடக் குறைவு. அதனால் உணவைச் சீராக்க உங்களுக்கு இது நல்ல நேரம். அந்த மருந்து தன் பங்குக்குக் கைகால் மரத்துப்போவது, மூட்டு வலி போன்றவற்றைக் கொண்டுவரலாம். பொத்தான் போடுவதே சிரமமாக இருக்கிறது என்ற அளவுக்கு மரத்துப்போனால் தாங்கிக்கொண்டிருக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைத்தோ இடைவெளி விட்டோ தருவார்கள்.

இப்போது நீங்கள் நிறுத்திவைத்திருக்கும் உணவுகளுக்கு வருவோம். சர்க்கரையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினியால் சாகும் என்பது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உடம்பில் உள்ள எல்லா செல்களும் குளுக்கோஸை எரிபொருளாகப் பயன்படுத்துகின்றன. நாம் சாப்பிடாவிட்டால் கல்லீரல் தானே அதைத் தயாரித்துக்கொள்ளும், தேவைப்பட்டால் தசையைக் கரைத்தாவது. புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அதிகம் இழுக்கின்றன என்பது உண்மை. புற்றுநோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேன் எடுப்பதே அந்த அடிப்படையில்தான். இனிப்பை நிறுத்தி அவற்றை மட்டும் தனியாகப் பட்டினி போட வழியில்லை. ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும் என்பதால், நீரிழிவு உள்ளவர்கள் கீமோவை ஒட்டிய நாட்களில் கவனமாக இருக்க வேண்டும். மற்றபடி எப்போதாவது ஒரு துண்டு இனிப்பைத் தின்றதற்காக இரவெல்லாம் பயந்துகொண்டிருக்க அவசியமில்லை.

பாலை நிறுத்தினால் மார்பகப் புற்றுநோய் திரும்பாது என்று காட்டும் நம்பகமான சான்று எதுவும் கிடையாது. காய்ச்சிய பாலும், அதில் உறைய வைத்த தயிரும் இப்போது உங்களுக்கு எளிதில் இறங்கும் புரதம். சோயாவில் ஈஸ்ட்ரோஜனைப் போன்ற பொருள் இருப்பதால் ஒரு காலத்தில் எங்களைப் போன்றவர்களும் தயங்கியது உண்டு. சீனாவின் ஷாங்காயில் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களிடம் இறப்பும் நோய் திரும்புவதும் குறைவாகவே இருந்தன. எனவே உணவாகச் சாப்பிடும் சோயா பரவாயில்லை. சோயாவின் சாரத்தை எடுத்து மாத்திரையாக விற்பது வேறு விஷயம், அது வேண்டாம்.

அந்த நான்கு வகை மாத்திரைகள்தான் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தவை. அக்காவின் அன்பில் குறை இல்லை. ஆனால் "சத்து மாத்திரைதானே, கெடுதல் என்ன செய்துவிடும்" என்ற பேச்சை நான் நம்புவதில்லை. நீங்கள் வாங்கப்போகும் பாக்லிடாக்ஸெல்லையே எடுத்துக்கொள்வோம். அந்த வகை மருந்தால் வரும் நரம்பு மரப்பைத் தடுக்கும் என்று அசிட்டைல் எல் கார்னிடைன் என்ற சத்தை அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்ப் பெண்களிடம் சோதித்தார்கள். 2013-இல் முடிவு வந்தபோது, அதை எடுத்தவர்களுக்குத்தான் மரப்பு அதிகமாக இருந்தது. 2020-இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு, சிகிச்சைக்கு முன்பும் கீமோவின்போதும் சத்து மாத்திரை எடுத்த பெண்களைக் கவனித்தது. வைட்டமின் ஏ, சி, ஈ போன்ற ஆன்டி ஆக்ஸிடன்ட் வகைகள், வைட்டமின் பி12, இரும்பு ஆகியவற்றை எடுத்தவர்களிடம் சிகிச்சையின் பலன் மோசமாக இருப்பதற்கான அறிகுறிகளே தெரிந்தன. அது கவனித்து எழுதிய ஆய்வுதான், மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் பயன் நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக அந்த அபாயத்தை எதற்கு ஏற்க வேண்டும்? ரத்தப் பரிசோதனையில் குறைபாடு தெரிந்து மருத்துவரே எழுதிக்கொடுத்தது என்றால் தொடருங்கள். மற்றவற்றை நிறுத்திவிட்டு, டப்பாக்களை அப்படியே ஒரு பையில் போட்டு அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். பெயர்களைத் தாளில் எழுதிப் போனால் உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்பது தெரியாது. மூலிகைப் பொடி, கஷாயம் எல்லாமும் இந்தப் பையில் சேர்த்திதான்.

இனி கண்ணாடி.

அழகு ஒரு கேடா என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டனைச் சேர்ந்த பெனலோபி ஹாப்வுட் என்ற மருத்துவரும் சக ஆய்வாளர்களும் புற்றுநோயாளிகளுக்காகவே 2001-இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். மொத்தம் 10 கேள்விகள். தோற்றத்தை நினைத்துக் கூசுகிறீர்களா, ஆடையில்லாமல் உங்களையே பார்ப்பது கஷ்டமாக இருக்கிறதா, தோற்றத்துக்குப் பயந்து ஆட்களைத் தவிர்க்கிறீர்களா, தழும்பு மனதை உறுத்துகிறதா என்று போகும். உலகெங்கும் மருத்துவமனைகளில் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். ரத்த அணுக்களை எண்ணுவது போல இதையும் அளக்க வேண்டும் என்று மருத்துவமே முடிவு செய்து ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆகிறது. நீங்கள்தான் இதைச் சொல்ல வெட்கப்படுகிறீர்கள். உயிரும் வேண்டும், பழைய முகமும் வேண்டும் என்று ஒருவர் ஆசைப்படுவதில் பேராசை எங்கே வந்தது?

போனவற்றில் எது தானாகத் திரும்பும், எது திரும்பாது என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் மனம் கொஞ்சம் இறங்கும். முகத்தின் உப்பல் ஸ்டீராய்டு நின்ற சில வாரங்களில் வடியத் தொடங்கும். பாக்லிடாக்ஸெல்லோடும் ஸ்டீராய்டு தருவார்கள். இந்த முறை வாந்திக்காக அல்ல. அந்த மருந்தைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை தரும், அதைத் தடுக்கத்தான். முதல் சில வாரங்கள் ஒவ்வாமை இல்லாமல் கடந்தால் ஸ்டீராய்டின் அளவைப் படிப்படியாகக் குறைப்பது பல இடங்களில் வழக்கம். "எனக்கும் குறைக்க முடியுமா?" என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூடத் தவிர்த்துவிடாதீர்கள். தூக்கம் கெட்டால் அதைக் காலையில் சாப்பாட்டோடு எடுத்துக்கொள்ளலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முடி, கீமோ முடிந்த ஓரிரு மாதங்களில் பூனைமுடி போல எட்டிப்பார்க்கும். ஆறு மாதத்தில் பெரும்பாலும் தலையை மூடிவிடும். முதலில் சுருண்டோ நிறம் மாறியோ வளரலாம், போகப்போகச் சரியாகும். நகத்தின் கறுப்பு, நகம் வளர்ந்து வெளியேறும் வரை இருக்கும். கைவிரல் நகத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். புது மருந்தில் நகம் மேலே தூக்கிக்கொள்ளவும் கூடும் என்பதால் ஒட்ட வெட்டி வையுங்கள். மருந்து ஏறும்போது குளிர்ந்த கையுறை தருகிறார்களா என்றும் விசாரியுங்கள்.

முன்கூட்டியே சொல்லவேண்டியது ஒன்று: புருவமும் இமை முடியும் தலைமுடி போன பிறகும் நின்று, இந்த இரண்டாம் கட்டத்தில் கொட்டுவது உண்டு. என் அனுபவத்தில் தலைமுடி போனதைவிடப் புருவம் போனதற்குத்தான் பெண்கள் அதிகம் அழுகிறார்கள். தலையை மூட விக்கும் ஸ்கார்ஃபும் இருக்கின்றன. புருவம் போனால் முகத்தின் சாயலே மாறிவிடுகிறது. உங்களுக்குப் புருவம் இன்னும் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுத்து வையுங்கள். எங்கே தொடங்கி எங்கே வளைந்து எங்கே முடிகிறது என்று தெரிந்தால் பென்சிலால் வரைவது சுலபம். இப்போதே ஓரிரு முறை வரைந்து பழகிவிடுங்கள்.

மார்பகம் தானாகத் திரும்பாது. அதற்கு வழிகள் இருக்கின்றன: பிராவுக்குள் வைக்கும் மெல்லிய துணி மார்பகம், தழும்பு நன்றாக ஆறிய பின் எடையுள்ள சிலிகான் மார்பகம், பின்னொரு காலத்தில் மறுசீரமைப்பு அறுவை சிகிச்சை. எதுவுமே வேண்டாம், தட்டையாகவே இருந்துவிடுகிறேன் என்று முடிவெடுத்து நிம்மதியாக இருப்பவர்களும் நிறைய. மறுசீரமைப்பைச் சில ஆண்டுகள் கழித்துக்கூடச் செய்துகொள்ளலாம். கதிர்வீச்சு சிகிச்சை உங்களுக்கு உண்டா என்பதைப் பொறுத்து நேரம் மாறும். கீமோவின் நடுவில் அவசரப்பட்டு முடிவு செய்யத் தேவையில்லை.

தழும்பை முழுக்கண்ணாடியில் ஒரே மூச்சில் பார்த்துவிட வேண்டும் என்று கட்டாயமில்லை. குளிக்கும்போது சோப்புக் கையால் அந்த இடத்தைத் தொட்டுப் பழகுங்கள். பிறகு கண்ணாடி இல்லாமல் குனிந்து பாருங்கள். அதற்கும் பிறகு கைக்கண்ணாடியில் சில நொடி. புண் முழுதாக ஆறிவிட்டதென்று மருத்துவர் சொன்னால், மணமில்லாத க்ரீமைத் தொட்டு விரல் நுனியால் வட்டமாக நீவிவிடுங்கள். தழும்பு இளகும், தோள் இறுகாமல் இருக்கவும் உதவும். பழைய அளவு உடைகளை அலமாரியில் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றிவிட்டு, இப்போதைய உடம்புக்குச் சரியாகப் பொருந்துகிற, முன்பக்கம் திறக்கிற இரண்டு உடை வாங்கிக்கொள்ளுங்கள். இளைத்த பிறகு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டால் தினமும் காலையில் பழைய உடை இறுகி, மனதையும் கெடுத்துவிடும்.

கணவரைப் பற்றிக் கொஞ்சமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். தொட்டால் வலிக்குமோ, கேட்டால் அழுவாளோ என்று அவரும் தயங்கிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். "எனக்குப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது, கொஞ்ச நாள் ஆகும், ஆனால் பக்கத்தில் இருங்கள்" என்று ஒரு தடவை சொல்லிப்பாருங்கள். கையைப் பிடித்துக்கொண்டு தூங்குவதும் நெருக்கம்தான், அங்கிருந்தே தொடங்கலாம். உறவு வைத்துக்கொள்ள மனம் வந்தால் சில விவரங்கள் தெரிந்திருக்க வேண்டும். மருந்து ஏறிய பின் சில நாட்கள் உடல் திரவங்களில் அதன் எச்சம் இருக்கலாம் என்பதால் ஆணுறை தேவை. மாதவிலக்கு நின்றிருந்தாலும் கரு தங்க வாய்ப்பு உண்டு, அதுவும் இப்போது கூடாது. வறட்சியால் வலித்தால் தண்ணீர் அடிப்படையிலான ஜெல் போதும். ஹார்மோன் கலந்த க்ரீம் எதையும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

"தேறிவிட்டாயே" என்றவருக்குப் பதில் கடன்பட்டிருப்பதாக நினைத்தால், "அது மருந்து வீக்கம்" என்று மூன்று சொல்லில் முடித்துக்கொள்ளுங்கள். விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அசைவைப் பற்றிச் சொல்ல விட்டுவிடக் கூடாது. கனடாவில் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த 242 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. நடை, சைக்கிள் போன்ற பயிற்சி செய்தவர்கள், எடை தூக்கும் பயிற்சி செய்தவர்கள், வழக்கமான கவனிப்பில் மட்டும் இருந்தவர்கள் என்று மூன்று குழு. பயிற்சி செய்த இரண்டு குழுக்களிலும் தன்மதிப்பு உயர்ந்தது. எடை தூக்கியவர்களுக்குத் தசையும் வலுவும் கூடியதோடு, திட்டமிட்ட கீமோவை முழு அளவில் வாங்கி முடிப்பதும் நன்றாக நடந்தது. உணவு ஆலோசகரான நானே ஒத்துக்கொள்கிறேன்: கண்ணாடிப் பிரச்சினைக்கு என் உணவுப் பட்டியலை விட இது நன்றாக வேலை செய்கிறது. தினமும் பத்து நிமிட நடையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்திருந்தால் அந்தக் கைக்கு எடைப் பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் சொல்லிக் கொடுத்த பிறகு, மிகக் குறைந்த எடையில் தொடங்குங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேலும் மனம் எழவே இல்லை, ஸ்டீராய்டு இல்லாத இரவிலும் தூக்கம் வரவில்லை, சிகிச்சையே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், அது உணவாலும் நடையாலும் மட்டும் தீராது. மனநல மருத்துவரிடம் அனுப்பச் சொல்லி உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள். புற்றுநோய்ப் பிரிவில் இப்படிக் கேட்பது புதிதல்ல.

எடை குறைப்பதற்கான காலம் வரும். கீமோ முடிந்து, உடம்பில் வலு திரும்பிய பிறகு, பயிற்சியும் புரதமும் கைவிடாமல் மாதம் ஒன்று இரண்டு கிலோ என்று மெதுவாகக் குறைக்கலாம். உங்கள் கட்டி ஹார்மோன் சார்ந்த வகையாக இருந்து மாத்திரை தொடங்கினால், அதையும் கணக்கில் எடுத்துத் திட்டம் போட வேண்டும். அப்போது எழுதுங்கள், விரிவாகப் பேசலாம்.

இப்போதைக்கு ஒன்றை மட்டும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டி வையுங்கள். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் இரவோ பகலோ உடனே மருத்துவமனை. வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது அது உயிருக்கு ஆபத்தான தொற்றாக இருக்கலாம். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இதே காரணத்துக்காக வேகவைக்காத முளைகட்டிய பயறு, அரைவேக்காட்டு முட்டை, காய்ச்சாத பால் மூன்றையும் தவிருங்கள். பழங்களை ஓடும் நீரில் நன்றாகக் கழுவிச் சாப்பிடலாம். கிரேப்ஃப்ரூட்டும் பம்ப்ளிமாஸும் மட்டும் சில கீமோ மருந்துகளின் அளவை ரத்தத்தில் மாற்றிவிடக்கூடும் என்பதால் சிகிச்சை முடியும் வரை விட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.